12,34,56,789: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கங்களை வரிசையாக எழுதினால் வருவது 12,34,56,789. கால்குலேட்டர் கையில் கிடைத்தவர்கள் பலரும் ஒருமுறையாவது தட்டிப் பார்த்திருக்கும் எண். வாய்விட்டுப் படித்தால் பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. தமிழ் இலக்கங்களில் எழுதினால் ௧௨௩௪௫௬௭௮௯. பார்வைக்கு இவ்வளவு ஒழுங்காக இருக்கிற எண் உள்ளே எப்படி இருக்கும்? எவற்றால் வகுபடும்? எத்தனை காரணிகள் உண்டு? வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

எண்ணியலுக்குப் புதிதாக வருபவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கையாலேயே விடை காணும் வழியை இங்கே சொல்கிறேன். பள்ளியில் படித்த பெருக்கல், வகுத்தல், வர்க்கம் தெரிந்தால் போதும். தாள், பேனா, சாதாரணக் கால்குலேட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தட்டினால் விடைகளைக் கொட்டும் மென்பொருள்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரே ஒரு எண்ணையாவது முழுவதும் கையால் செய்து பார்த்த பிறகுதான் அந்தப் பட்டியலில் எது எண்ணின் உண்மையான குணம், எது மேற்பூச்சு என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகாக் காரணிகளைக் கண்டுபிடிப்பதுதான் இதில் உண்மையான வேலை. அது முடிந்தால் மற்றவை பெரும்பாலும் இரண்டு மூன்று பெருக்கல்களில் வந்துவிடும். அதனால் அந்த வேலையில்தான் நாம் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

முதல் படி: வர்க்கமூலம் எடுங்கள்

12,34,56,789இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11111.11106. பெரிய எண் எது கிடைத்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். காரணம் எளிது. ஒரு எண் பகு எண் என்றால் அதை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதலாம். அந்த இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருக்க முடியாது. இருந்தால் பெருக்கிய விடை எண்ணைத் தாண்டிவிடும். ஆக, 11,111க்குள் ஒரு பகாக் காரணி கிடைத்தே தீர வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அது பகா எண். பன்னிரண்டு கோடி வரை தேட வேண்டிய வேலை இப்படிப் பதினோராயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இது முழு வர்க்க எண்ணா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். 11111² = 12,34,54,321. நம் எண்ணைவிட 2468 குறைவு. அடுத்த வர்க்கமான 11112² = 12,34,76,544, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆக, முழு வர்க்கம் இல்லை. கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது. 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியும் எண்கள் முழு வர்க்கமாகா என்ற விதி சரிதான்; ஆனால் நம் எண் 89இல் முடிகிறது, 17² = 289 என்பதும் 89இல்தான் முடிகிறது. 2468 என்ற அந்த வித்தியாசத்தைத் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வர்க்கமூலம் ஏன் இப்படி 1, 1, 1 என்று வரிசையாக வருகிறது? ஆயிரம் கோடியை 81ஆல் வகுத்தால் 12,34,56,790.123… என்று வரும். அதன் வர்க்கமூலம் ஒரு லட்சத்தை 9ஆல் வகுப்பதுதான், அதாவது 11111.111… நம் எண் அதைவிட ஒன்று சொச்சம்தான் குறைவு என்பதால் வர்க்கமூலமும் கிட்டத்தட்ட அதே.

இரண்டாம் படி: சின்ன எண்களை வரிசையாகக் கழித்துக்கட்டுங்கள்

ஒற்றை எண், அதனால் 2 இல்லை. 0இலோ 5இலோ முடியவில்லை, அதனால் 5 இல்லை. அடுத்தது 3. இலக்கங்களைக் கூட்டினால் 45. அது 9ஆல் வகுபடும், எனவே நம் எண்ணும் 9ஆல் வகுபடும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1 முதல் 9 வரையிலான இலக்கங்களை எந்த வரிசையில் மாற்றி எழுதினாலும் கூட்டல் 45தான். அப்படி எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 3,62,880. அத்தனையும் 9ஆல் வகுபடும், ஒன்றுகூடப் பகா எண் ஆகாது. லட்சக்கணக்கான எண்களைப் பற்றி ஒரே கூட்டலில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். அந்த எண்களில் சில முழு வர்க்கங்களும் உண்டு. அவற்றில் மிகச் சிறியது 11826² = 13,98,54,276, மிகப் பெரியது 30384² = 92,31,87,456.

புதிதாகத் தொடங்குபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. இலக்கக் கூட்டல் 9ஆல் வகுபட்டால் எண்ணும் 9ஆல் வகுபடும் என்பதை நீட்டி, கூட்டல் 27 வந்தால் எண் 27ஆல் வகுபடும், 45 வந்தால் 45ஆல் வகுபடும் என்று நினைத்துவிடுவார்கள். அந்த விதி 3க்கும் 9க்கும் மட்டும்தான். நம் எண்ணே எதிர் உதாரணம்: கூட்டல் 45, ஆனால் 5ஆல்கூட அது வகுபடாது.

சரி, 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால் இந்த வழி பலிக்கிறது. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து (இங்கே மட்டும் லட்சம், கோடிக் காற்புள்ளிகளை மறந்துவிடுங்கள்) மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 789 − 456 + 123 = 456. இந்த 456ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 5, 13ஆல் வகுத்தால் 1. நம் பெரிய எண்ணை வகுத்தாலும் இதே மீதிகள்தான் வரும். மூன்றாலும் வகுபடவில்லை.

அதே மூன்று துண்டுகளை மாற்றிக் கழிக்காமல் கூட்டிப் பாருங்கள்: 123 + 456 + 789 = 1368; மறுபடியும் 1 + 368 = 369. 999 = 27 × 37 என்பதால் இந்த 369 இப்போது 27க்கும் 37க்கும் சோதனை ஆகிறது. 27ஆல் வகுத்தால் மீதி 18, 37ஆல் வகுத்தால் மீதி 36. இரண்டும் இல்லை. 17, 19, 23, 29, 31 போன்றவற்றுக்கும் குறுக்குவழிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவற்றை மனப்பாடம் செய்வதைவிட நேரடியாக வகுத்துவிடுவது விரைவு. வகுத்துப் பாருங்கள், எதுவும் சரியாகப் போகாது.

இந்தப் படியின் முடிவில் 9ஐ வெளியே எடுத்துவிடுங்கள். 12,34,56,789 ÷ 9 = 1,37,17,421. இதன் இலக்கக் கூட்டல் 26, எனவே இன்னொரு 3 இல்லை. இனி நம் வேலை முழுவதும் 1,37,17,421 என்ற எட்டு இலக்க எண்ணோடுதான். எட்டு இலக்கம் மட்டுமே காட்டும் மலிவான கால்குலேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது வசதி.

மூன்றாம் படி: கண்ணை மூடிக்கொண்டு வகுக்காதீர்கள்

1,37,17,421இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. அதாவது 3703 வரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். 3703க்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கையால் செய்தால் ஒரு முழு நாள் போய்விடும். நடுவில் எங்கோ ஒரு வகுத்தல் தவறினால் மொத்தமும் வீண்.

இந்த இடத்தில்தான் பியர் டி ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரரின் முறை கைகொடுக்கிறது. தொழிலால் வழக்கறிஞர், மனதால் கணிதர். அவருடைய யோசனை இது: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக ஒரு எண்ணை எழுத முடிந்தால் அதன் காரணிகள் கையில் கிடைத்துவிடும். ஏனென்றால் அ² − ஆ² = (அ − ஆ) × (அ + ஆ). எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். இதைப் பெரிய எண்ணை உடைக்கும் கருவியாகப் பார்த்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது.

செய்முறை இப்படி:

வர்க்கமூலத்தைவிடச் சற்றே பெரிய முழு எண்ணை எடுங்கள். நமக்கு 3704. அதை வர்க்கப்படுத்தி நம் எண்ணைக் கழியுங்கள்.

3704² − 1,37,17,421 = 1,37,19,616 − 1,37,17,421 = 2195.

2195 முழு வர்க்கமா? 46² = 2116, 47² = 2209. இல்லை. அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

3705² − 1,37,17,421 = 1,37,27,025 − 1,37,17,421 = 9604.

9604 என்பது 98². கிடைத்துவிட்டது! ஆக, 1,37,17,421 = 3705² − 98² = (3705 − 98) × (3705 + 98) = 3607 × 3803.

இரண்டே முயற்சி. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போயிருந்தால் 3607 என்பது வரிசையில் 504ஆவது பகா எண். அதற்கு முன்னால் 503 வகுத்தல்கள் வீணாகியிருக்கும்.

இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அந்த முதல் முயற்சியையும் மிச்சப்படுத்தியிருக்கலாம். எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான் வரும்: இரட்டை எண்ணுக்கு 0, ஒற்றை எண்ணுக்கு 1. நம் எண் 21இல் முடிவதால் 4ஆல் வகுத்தால் மீதி 1. கழித்து 1 வர வேண்டும் என்றால் முதல் வர்க்கம் ஒற்றை எண்ணுடையதாகவும் கழிக்கும் வர்க்கம் இரட்டை எண்ணுடையதாகவும் இருந்தாக வேண்டும். 3704 இரட்டை எண், தொடவே வேண்டாம். நேராக 3705. இப்படி முயற்சிக்கு முன்னாலேயே வடிகட்டப் பழகிக்கொண்டால் பாதி வேலை குறைந்துவிடும்.

ஃபெர்மா 1643ஆம் ஆண்டு எழுதிய கடிதம் ஒன்றில் இந்த முறையால் 202,76,51,281 என்ற எண்ணை உடைத்துக் காட்டினார். விடை 44021 × 46061. வர்க்கமூலத்துக்கு அடுத்த 45030இலிருந்து தொடங்கினால் 45041இல் வர்க்கம் கிடைக்கிறது, பன்னிரண்டாவது முயற்சி. கால்குலேட்டர் இல்லாத காலம். நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள், கை பழகும்.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால்தான் சீக்கிரம் முடியும். 3607க்கும் 3803க்கும் நடுவில் இருப்பது 3705; அது வர்க்கமூலத்துக்கு மிக அருகே விழுந்ததால்தான் நமக்கு இவ்வளவு எளிதாகக் கிடைத்தது. ஒரு காரணி மிகச் சிறியதாகவும் மற்றது மிகப் பெரியதாகவும் இருந்தால் இந்த வழியில் ஆயிரக்கணக்கான முயற்சிகள் தேவைப்படும். எனவே நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது: முதலில் நூறு வரையிலான பகா எண்களால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் ஃபெர்மா முறையில் பத்து இருபது முயற்சி. இரண்டும் பலிக்கவில்லை என்றால் மட்டும் நீண்ட வகுத்தலில் இறங்குங்கள்.

நான்காம் படி: உடைந்த துண்டுகள் பகா எண்களா?

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3607, 3803 என்று இரண்டு துண்டு கிடைத்ததும் வேலை முடியவில்லை. அவை மேலும் உடையாதவை என்று உறுதி செய்ய வேண்டும். நல்லவேளை, எண்கள் சிறியவை. 60² = 3600, 61² = 3721. ஆக 3607க்கு 59 வரையிலான பகா எண்கள் போதும், 3803க்கு 61 வரை.

3607ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2, 11ஆல் 10, 13ஆல் 6, 17ஆல் 3, 19ஆல் 16, 23ஆல் 19, 29ஆலும் 31ஆலும் 11, 37ஆல் 18, 41ஆல் 40, 43ஆல் 38, 47ஆல் 35, 53ஆல் 3, 59ஆல் 8. எங்கும் பூஜ்யம் இல்லை, பகா எண்தான். 3803ஐ நீங்களே செய்யுங்கள். அதுவும் பகா எண்.

பெருக்கல் சரிதானா என்று பார்க்க ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் பழைய முறை இருக்கிறது. 3607இன் இலக்கக் கூட்டல் 16, மறுபடி கூட்டினால் 7. 3803க்கு 14, அப்புறம் 5. 7 × 5 = 35, கூட்டினால் 8. 1,37,17,421க்கு 26, கூட்டினால் 8. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு என்பது நிச்சயம். ஒத்துப்போனால் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும்தான் பொருள்.

இப்போது எழுதலாம்:

12,34,56,789 = 3² × 3607 × 3803

ஐந்தாம் படி: காரணிகள், அவற்றின் எண்ணிக்கை, கூட்டல்

இனி எல்லாம் இறக்கம்தான். எத்தனை காரணிகள் என்பதற்கு ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். அடுக்குகள் 2, 1, 1. ஆக 3 × 2 × 2 = 12. இணை இணையாக எழுதினால் ஒன்றும் விட்டுப்போகாது:

1 × 12,34,56,789
3 × 4,11,52,263
9 × 1,37,17,421
3607 × 34,227
3803 × 32,463
10,821 × 11,409

பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட எண்ணுக்கு வெறும் பன்னிரண்டு காரணிகள். இது குறைவா, அதிகமா என்று தெரிய ஒரு ஒப்பீடு வேண்டும். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை இராமானுஜன் 1915இல் வெளியான நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அந்த வகையில் நம் எண்ணுக்குக் கீழே மிக அருகில் இருப்பது 12,25,22,400. அதன் பகாக் காரணிகள் 2⁵ × 3² × 5² × 7 × 11 × 13 × 17. காரணிகளின் எண்ணிக்கை 6 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 864. அளவில் ஏறக்குறைய சமமான இரண்டு எண்கள். ஒன்றுக்கு 12, இன்னொன்றுக்கு 864. எண் பெரிதாக இருப்பதற்கும் அதற்குக் காரணிகள் நிறைய இருப்பதற்கும் தொடர்பில்லை என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியாது. சின்னச் சின்னப் பகா எண்களால் கட்டப்பட்ட எண்ணுக்குத்தான் காரணிகள் பெருகும்.

காரணிகளின் கூட்டலுக்கும் பட்டியலைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 17,84,22,816. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 5,49,66,027. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் எண்ணைவிடக் குறைவு என்பதால் இது குறைவெண். 6, 28 போன்ற செவ்விய எண்களில் இந்தக் கூட்டல் எண்ணுக்கே சமமாக இருக்கும்.

நம் எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் அதற்குக் கீழே எத்தனை? கணிதர் ஆய்லர் தந்த வாய்பாட்டில் போட்டால் (9 − 3) × (3607 − 1) × (3803 − 1) = 6 × 3606 × 3802 = 8,22,60,072. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இதுவும் எதிர்பார்த்ததுதான்: 3607, 3803 போன்ற பெரிய காரணிகள் எப்போதோ ஒரு எண்ணைத்தான் விலக்கும்; பெரும்பாலும் விலக்குவது 3 ஒன்றே.

ஆறாம் படி: வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு எண்ணை எழுத முடியுமா என்பதற்குத் துல்லியமான விதி இருக்கிறது. 4ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் இரட்டைப்படை அடுக்கில் வர வேண்டும். நம் எண்ணில் 3, 3607, 3803 மூன்றுமே மீதி 3 தருபவை. 3க்கு அடுக்கு 2, பரவாயில்லை. மற்ற இரண்டுக்கும் அடுக்கு 1. எனவே முடியாது. நம் எண்ணையே 4ஆல் வகுத்தால் மீதி 1தான் வருகிறது. அதை மட்டும் பார்த்து முடியும் என்று முடிவு கட்டியிருந்தால் ஏமாந்திருப்போம்.

மூன்று வர்க்கங்கள்? லெஜாந்தர் நிறுவிய தேற்றப்படி, 8ஆல் வகுத்தால் மீதி 7 தரும் எண்களும் அவற்றை 4, 16, 64 என்று 4இன் அடுக்குகளால் பெருக்கி வருபவையும் தவிர எல்லா எண்களையும் மூன்று வர்க்கங்களாக எழுதலாம். நம் எண் 8ஆல் வகுத்தால் மீதி 5 தருகிறது. ஆக, முடியும். ஆனால் எந்த மூன்று?

தாளின் ஓரத்தில் குறித்து வைத்த 2468ஐ இப்போது எடுங்கள். 12,34,56,789 = 11111² + 2468. அந்த 2468ஐ இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடிந்தால் போதும். 2468 = 4 × 617. 617 பகா எண், 4ஆல் வகுத்தால் மீதி 1, எனவே அதைப் பிரிக்கலாம்: 16² + 19² = 256 + 361 = 617. இரண்டையும் 2ஆல் பெருக்கினால் 32² + 38² = 2468. ஆக,

12,34,56,789 = 11111² + 38² + 32²

இப்படி ஒரு அழகான வடிவம் முதல் முயற்சியிலேயே விழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வர்க்கமூலத்தை ஒட்டிய மீதியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த பலன்.

ஏழாம் படி: கணினி இதை எப்படி எழுதும்?

இரும எண்ணாக மாற்ற 2ஆல் திரும்பத் திரும்ப வகுப்பது பள்ளி வழி. 16ஆல் வகுத்தால் ஏழே அடிகளில் முடியும். மீதிகளைக் குறித்துக்கொண்டே போனால் 5, 1, 13, 12, 11, 5, 7 என்று வரும். கடைசியிலிருந்து படித்து ஒவ்வொன்றையும் நான்கு இரும இலக்கங்களாக எழுதினால்: 111 0101 1011 1100 1101 0001 0101. மொத்தம் 27 இலக்கங்கள், அதில் 16 ஒன்றுகள்.

பாருங்கள், 1 முதல் 9 வரையிலான அந்த வரிசை இங்கே சுவடில்லாமல் போய்விட்டது. அது பத்தை அடிமானமாக வைத்து நாம் எழுதும் முறையில் மட்டும் தெரியும் ஒழுங்கு. 3² × 3607 × 3803 என்பதோ எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாது. காரணிகள், அவற்றின் எண்ணிக்கை, வர்க்கக் கூட்டல் எல்லாம் எண்ணின் சொந்தக் குணங்கள். இலக்கக் கூட்டல் 45, இருமத்தில் 16 ஒன்றுகள் என்பவை எழுதும் முறையின் குணங்கள். எந்த எண்ணைப் பற்றிப் படித்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

அதற்காக இலக்க ஒழுங்கு பயனற்றது என்று சொல்லவில்லை. 12,34,56,789ஐ 8ஆல் பெருக்கி 9ஐக் கூட்டினால் 98,76,54,321 வரும் என்பது பலருக்குத் தெரிந்த வேடிக்கை. ஏன் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. எண்ணைப் பத்தால் பெருக்கி அதிலிருந்து எண்ணையே கழியுங்கள்: 1234567890 − 123456789 = 1111111101. இது எண்ணின் 9 மடங்கு. அடுத்து, எண்ணையும் அதன் தலைகீழையும் கூட்டினால் 1111111110, அதாவது 9 மடங்கைவிட 9 அதிகம். அதிலிருந்து எண்ணை ஒரு முறை கழித்தால் தலைகீழ் எண் கிடைக்கும்: 8 மடங்கும் ஒரு 9ம். இரண்டு வரியில் நிரூபணம் முடிந்தது. கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது: இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 9. யூக்ளிட் முறையில் பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 9. அந்த 9 சிறியதைச் சரியாக வகுக்கிறது.

இன்னும் பெரிய எண்கள்

பதினைந்து இலக்கத்தைத் தாண்டினால் கணினியிடம் கொடுத்துவிடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேக்டர் என்ற கட்டளை போதும்; பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு சிம்பை என்ற கணித நிரல் தொகுப்பு, இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு பாரி ஜிபி என்ற எண்ணியல் மென்பொருள். ஆனால் கணினிக்கும் எல்லை உண்டு. ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் 1977இல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. மறைகுறியாக்கம் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை), இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலை உடைப்பது கடினம் என்ற ஒன்றையே நம்பி நிற்கிறது. 250 இலக்கங்கள் கொண்ட அத்தகைய எண் ஒன்றை 2020இல் உடைத்தார்கள். அந்தப் பூட்டுக்குச் சாவியாக இன்று பரவலாகப் பயன்படும் 2048 பிட் (இரும இலக்க) எண்கள் 617 இலக்கங்கள் கொண்டவை.

அந்தச் சாவிகளை உருவாக்கும்போது இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்துவிடக் கூடாது. இருந்தால் என்ன ஆகும் என்று மூன்றாம் படியில் பார்த்துவிட்டோம். 2022இல் சில அலுவலக அச்சுப்பொறிகள் உருவாக்கிய சாவிகளில் சரியாக இந்தக் குறைதான் இருந்தது. 1643ஆம் ஆண்டின் ஃபெர்மா முறையாலேயே அவை உடைந்தன.

நீங்களே செய்து பார்க்க

தலைகீழ் எண்ணான 98,76,54,321ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் ஏறத்தாழ 31426.97. இலக்கக் கூட்டல் இங்கேயும் 45, எனவே 9 உடனே வெளியே வரும், மிஞ்சுவது 10,97,39,369. மும்மூன்றாகப் பிரித்துச் சோதித்தால் 7, 11, 13 இல்லை. இதில் ஃபெர்மா முறைக்குப் போக வேண்டாம், நேரடி வகுத்தலே சீக்கிரம் பலன் தரும். அடுத்த பகா எண்ணிலேயே சிக்கும், அதுவும் இரண்டு முறை.

விடை: 3² × 17² × 3,79,721. கடைசி எண் பகா எண். உறுதி செய்ய 616 வரை போக வேண்டியிருக்கும், அதைக் கணினியிடம் விடலாம். காரணிகள் 3 × 3 × 2 = 18. இங்கே 3,79,721 என்பது 4ஆல் வகுத்தால் மீதி 1 தருகிறது, 17ம் அப்படியே, 3க்கு அடுக்கு 2. எனவே முன்னால் பார்த்த எண்ணுக்குக் கிடைக்காதது இதற்குக் கிடைக்கும்: இரண்டே வர்க்கங்கள். 3,79,721 = 611² + 80². இரண்டையும் 51ஆல் பெருக்கினால்

98,76,54,321 = 31161² + 4080².